‘ப்ரொகுரார்’: ஒரே மெயிலில் மூன்று அர்த்தம், ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

சிப்காட்_வாசி | மாலை 7.10

எல்லாருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு ஷூ கம்பெனியில மெர்ச்சன்டைசிங் பாக்கறேன். எங்க பையர் ஸ்பெயின்ல எல்டா பக்கம். அங்க புதுசா வந்திருக்கற ஆர்டர் மேனேஜர் ஸ்பானிஷ்லயே மெயில் போடறார். மொழிபெயர்ப்புச் செயலியில போட்டு, வர்ற இங்கிலீஷைத் திருத்தி ஃப்ளோருக்குக் கொடுக்கறது என் வேலை.

போன மாசம் வந்த ஒரே மெயில்ல ‘ப்ரொகுரார்’ங்கற வினை மூணு தடவை வந்தது. நம்ம எழுத்துல அப்படியே தர்றேன்.

“ப்ரொகுரென் கே எல் ஃபோர்ரோ நோ தெங்கா மாஞ்சாஸ் தே கோலா.” ஃபோர்ரோன்னா லைனிங், கோலான்னா பசை.

“லெஸ் ப்ரொகுரரேமோஸ் லாஸ் எபியாஸ்.” எபியாஸ்னா பக்கிள்.

“ப்ரொகுரரேமோஸ் கொன்தெஸ்தார் ஆன்தெஸ் தெல் வியெர்னெஸ்.” வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி பதில் தர்றதைப் பத்தி.

செயலி மூணுக்கும் ‘ட்ரை’ன்னே போட்டது. முதல் வரியை நான் லைன் ஷீட்ல (ஃப்ளோர்ல ஷூ செய்யறவங்களுக்குக் கொடுக்கற குறிப்புத்தாள்) “ட்ரை டு அவாய்ட் க்ளூ ஸ்டெயின்ஸ்”னு எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் அதை ‘முடிஞ்சா பாரு’ன்னு எடுத்துக்கிட்டார். அவர் மேல தப்பே கிடையாது, நான் எழுதினது அப்படித்தான் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன்ல 36 ஜோடியைத் தனியா எடுத்து வெச்சுட்டாங்க. ஒவ்வொண்ணுலயும் லைனிங் ஓரத்துல, குதிகால் பக்கம், நகம் அளவுக்கு மஞ்சள் கறை.

ரெண்டாவது வரி “வி வில் ட்ரை த பக்கிள்ஸ்”னு வந்தது. பக்கிளை அவங்க டெஸ்ட் பண்ணிப் பாப்பாங்க போலன்னு நினைச்சு, சென்னை பெரியமேட்டுல நாங்களே வாங்கிட்டோம். பத்து நாள் கழிச்சு ஸ்பெயின்லேர்ந்து பக்கிள் பார்சல் வந்து நிக்குது.

இந்த ஒரு வினைக்கு நம்பி எழுதற மாதிரி ஒரு இங்கிலீஷ் சொல் இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

காட்பாடி_ஸ்பானிஷ் | இரவு 8.02

ஒன்பது வருஷமா ஸ்பானிஷ் சொல்லிக் கொடுக்கறேன். ஒரு சொல் கிடைக்காது சார். ஆனா எந்த இடத்துல எந்த அர்த்தம்னு குழப்பமில்லாம கண்டுபிடிக்கலாம். வினைக்குப் பின்னாடி என்ன வருதுன்னு மட்டும் பாருங்க.

உங்க மூணாவது வரியில பின்னாடி இன்னொரு வினை, ‘கொன்தெஸ்தார்’ (பதில் சொல்ல), வருது. அப்போ ‘முயற்சி பண்ணுவோம்’னு அர்த்தம். பதில் வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தே தீரும்னு அவர் சொல்லல.

ரெண்டாவதுல பின்னாடி ஒரு பொருள், பக்கிள். பெயர்ச்சொல் வந்தா ‘கிடைக்கச் செய்யறது, தேடிக் கொண்டுவந்து தர்றது’. முன்னாடி ‘லெஸ்’னு இருக்கே, அது ‘உங்களுக்கு’. ஆக “பக்கிளை நாங்க ஏற்பாடு பண்ணித் தர்றோம்.” வி வில் கெட் யூ த பக்கிள்ஸ், அல்லது சப்ளை.

முதல் வரிதான் கவனிக்க வேண்டியது. ‘கே’ன்னு வந்து, அதுக்கப்புறம் ‘தெங்கா’ன்னு சப்ஜங்டிவ் வினை, அதாவது நடந்ததைச் சொல்லாம, நடக்கணும்னு விரும்பறதைச் சொல்ற வடிவம். எதிராளியைப் பாத்து இப்படிச் சொன்னா அது மரியாதையா சொல்ற கட்டளை. “கறை இல்லாதபடி பாத்துக்கோங்க.” சீ டு இட் தட், அல்லது மேக் ஷ்யூர். அதை ‘ட்ரை’ன்னு மாத்தினா பாதி பலம் போயிடும்.

இன்னொண்ணும் மனசுல வெச்சுக்கோங்க. ‘கொன்செகீர்’னு ஒரு வினை இருக்கு. அதுவும் ‘பெறு’தான், ஆனா அது வெற்றியைச் சேர்த்தே சொல்லும். கதவைத் திறக்க ‘ப்ரொகுரோ’ன்னா திறக்கப் பாத்தான், திறந்ததான்னு தெரியாது. ‘கொன்சிகியோ’ன்னா திறந்தே விட்டான், மேனேஜ்ட் டு ஓபன்.

---

பாலாற்றுமணல் | இரவு 8.40

வேலூரில் முப்பத்தோரு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலத்திலேயே ‘ப்ரொக்யூர்’ என்ற சொல் இருக்கும்போது ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? இரண்டும் ஒரே லத்தீன் வேர். ‘ப்ரோ’ என்றால் ஒருவருக்காக, ஒருவர் சார்பில். ‘கூரா’ என்றால் அக்கறை, கவனிப்பு. ஒருவருக்காகக் கவனித்துக்கொள்வது என்பதே மூலப்பொருள். ஆங்கிலத்தின் ‘கேர்’ கூட அந்தக் ‘கூரா’விலிருந்து வந்ததுதானே. பக்கிள் வரிக்கு ‘வி ஷல் ப்ரொக்யூர் த பக்கிள்ஸ் ஃபார் யூ’ என்று எழுதியிருந்தால் பெரியமேடு போயிருக்க வேண்டியதில்லை.

---

காட்பாடி_ஸ்பானிஷ் | இரவு 8.55

ஐயா, பக்கிள் வரிக்கு நீங்க சொல்றது சரி. ஒரு சின்ன திருத்தம் மட்டும். ‘கேர்’ லத்தீன்லேர்ந்து வரல, அது பழைய ஜெர்மானிய வேர்ச்சொல். பாக்க ஒண்ணு போலத் தெரியும், சொந்தம் கிடையாது. ‘கூரா’ வழி வந்ததுன்னா க்யூர், செக்யூர், அக்யுரேட், க்யூரேட்டர். அதே குடும்பத்துலதான் ‘ப்ராக்சி’யும் ‘ப்ராக்டர்’உம். ப்ராக்டர்ங்கறது ப்ரொக்யூரேட்டர் (இன்னொருத்தர் சார்பா காரியம் பாக்கறவர்) சுருங்கினது. என் வகுப்புல பசங்க ப்ராக்சி போடறப்பல்லாம் இதைச் சொல்வேன், ‘இன்னொருத்தனுக்காகக் கவனிச்சுக்கறது’ங்கற மூலப்பொருள் அப்படியே இருக்கு.

---

பாலாற்றுமணல் | இரவு 9.05

இத்தனை காலம் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். திருத்தியதற்கு நன்றி அம்மா. இனி மாற்றிக்கொள்கிறேன்.

---

குடியாத்தம்_தறி | இரவு 9.30

நான் ஸ்பானிஷ் ஒரு எழுத்து படிச்சதில்ல. தறிக்காரன். ஆனா மேடம் சொன்னதைப் படிச்சுனு இருக்கும்போதே ஒண்ணு தோணிச்சு. இதுக்கு நம்ம கிட்டயே ஒரு சொல்லு இருக்கே. ‘பார்’.

“நாளைக்கு வரப் பாக்கறேன்.” முயற்சி.
“நூல் அறுந்து போகாம பாத்துக்கோ.” உறுதியா செய்யணும்.
“என் மச்சானுக்கு ஒரு வேலை பாத்துக் குடுத்தாரு.” கிடைக்கச் செஞ்சாரு.

மூணும் ‘பார்’தான். அந்த மெயிலை யாராவது நேரா தமிழ்ல பண்ணியிருந்தா 36 ஜோடியும் தப்பியிருக்கும். இங்கிலீஷ் வழியா சுத்தி வந்ததாலதான் இவ்வளவும்.

எங்க பக்கம் பாதிப் பேர் தெலுங்கும் பேசுவோம். அதுலயும் ‘சேசி சூடு’ன்னா செஞ்சு பாரு.

---

காட்பாடி_ஸ்பானிஷ் | இரவு 9.48

அண்ணா, இத்தனை வருஷம் வகுப்புல நின்னும் எனக்கு இது தோணல. நாளைக்கே போர்டுல எழுதப் போறேன்.

கொஞ்சம் நெருங்கிப் பாத்தா இன்னும் அழகா இருக்கு. ‘வரப் பார்’ வேற, ‘வந்து பார்’ வேற. ‘வந்து பார்’ல வர்றது நடந்துடும், விளைவு என்னன்னுதான் தெரியாது. ‘வரப் பார்’ல வர்றதே சந்தேகம். ஸ்பானிஷ்லயும் இந்தப் பிரிவு உண்டு. செஞ்சு பாக்கறதுக்கு, ருசி பாக்கறதுக்கு, சட்டை போட்டுப் பாக்கறதுக்கு ‘ப்ரொபார்’. செய்யப் பாக்கறதுக்கு ‘ப்ரொகுரார்’, ‘இன்தென்தார்’, ‘த்ரத்தார் தே’. இங்கிலீஷ் ரெண்டையும் ‘ட்ரை’ங்கற ஒரே மூட்டையில கட்டிடும். “வி வில் ட்ரை த பக்கிள்ஸ்”ங்கறது டெஸ்ட் பண்ற மாதிரி ஒலிச்சது அதனாலதான்.

---

கோட்டைமதில் | இரவு 10.15

குடியாத்தம் அண்ணன் சொன்னது நல்லா இருக்கு, ஆனா முழுசாப் பொருந்தாது. “பஸ்ஸுல ஏறும்போது விழப் பாத்தேன்”னு சொல்றோமே. அங்க யார் விழ முயற்சி பண்ணாங்க? அது ‘கிட்டத்தட்ட விழுந்தேன்’. அதை ப்ரொகுராரா எழுதினா, வேணும்னே விழப் போனேன்னு ஆயிடாதா?

---

காட்பாடி_ஸ்பானிஷ் | இரவு 10.24

கட்டாயம் ஆயிடும். அதுக்கு ஸ்பானிஷ்ல ‘காசி மே காய்கோ’ம்பாங்க, ‘கிட்டத்தட்ட விழறேன்’னு நிகழ்காலத்துலயே. ப்ரொகுரார்ல எப்பவும் மனசும் அக்கறையும் இருக்கணும். வேர்லயே ‘கூரா’ இருக்கறதால அப்படின்னு நினைக்கறேன். அதனாலதான் பழக்கத்தைச் சொல்றப்போ இது நிறைய வரும். ‘ப்ரொகுரோ கொமேர் போகோ’ன்னா கொஞ்சமா சாப்பிடணும்னு கவனமா இருக்கேன். இன்னிக்கு ஒரு தடவை ட்ரை பண்ணதைச் சொல்ல ‘இன்தென்தார்’ போதும்.

---

சத்துவாச்சாரி_வக்கீல் | காலை 7.35

ஒரு எச்சரிக்கை சொல்லணும், அதுக்காகத்தான் எழுதறேன். ஐயா சொன்ன ‘ப்ரொக்யூர்’ பக்கிளுக்கு, நெல்லுக்கு, மெஷினுக்கு எல்லாம் சரி. ஆளுக்குப் போடாதீங்க. ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம், 1956, பிரிவு 5-லயும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 366ஏ-லயும் இந்தச் சொல் பாலியல் தொழிலுக்கோ தகாத உறவுக்கோ ஆள் பிடிச்சுக் கொடுக்கறதுங்கற அர்த்தத்துல வருதுன்னு வக்கீலுங்களுக்குத் தெரியும். ‘அவர் எனக்கு ஒரு வேலைக்காரப் பெண்ணைப் பாத்துக் கொடுத்தார்’ங்கற சாதாரண ஸ்பானிஷ் வாக்கியத்தை ப்ரொக்யூர் போட்டு இங்கிலீஷ்ல எழுதினா, படிக்கறவன் வேற மாதிரி புரிஞ்சுக்குவான். அங்க ஃபைண்ட், கெட், அரேஞ்ச் போதும்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒப்பந்தத்துல இருக்கு. ஆங்கில ஒப்பந்தங்கள்ல ‘ஷல் ப்ரொக்யூர் தட்’னு எழுதினா, நடத்திக் காட்டியே ஆகணும். முயற்சி பண்ணேன், முடியலன்னு தப்பிக்க முடியாது. ஸ்பானிஷ் ‘ப்ரொகுரார் கே’ எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி தெரியும், ஆனா ஒப்பந்தத்துல அது பொதுவா முயற்சிக் கடமை. எழுத்தை எழுத்தா மாத்தினா, உங்க கட்சிக்காரர் ஒப்புக்காத பொறுப்பைத் தூக்கி அவர் தலையில வெச்சுடுவீங்க. அங்க ‘ஷல் எண்டெவர் டு’ போடணும்.

ஸ்பெயின்ல ‘ப்ரொகுரதோர்’னு ஒருத்தர் உண்டு. வாதாடறது அபோகாதோ. கட்சிக்காரர் சார்பா கோர்ட்ல ஆஜராகி நோட்டீஸ், மனு எல்லாம் வாங்கிக் கொடுக்கறது ப்ரொகுரதோர். நம்ம ஊர்ல வக்காலத்து வாங்கின வக்கீலே ரெண்டையும் பாத்துக்கறார்.

---

சிப்காட்_வாசி | காலை 8.50

சார், குழம்பிட்டேன். மேடம் ‘ப்ரொகுரென் கே’ கட்டளைன்னாங்க, நீங்க முயற்சிதான்னு சொல்றீங்க. எதை எடுத்துக்கறது?

---

சத்துவாச்சாரி_வக்கீல் | காலை 9.12

நான் சொன்னது, ஒப்பந்தத்துல கட்சிக்காரரே தன்னைப் பத்தி எழுதிக்கற வாசகம். கடமை எந்த அளவுன்னு வாக்கியமே சொல்லணும், அதனால அளந்து படிக்கணும்.

---

காட்பாடி_ஸ்பானிஷ் | காலை 9.20

யார் யாரைப் பாத்துச் சொல்றாங்கன்னு கவனிங்க சார். ‘நாங்க பாக்கறோம்’னு தன்னைப் பத்திச் சொன்னா அது மெதுவானது. ‘நீங்க பாத்துக்கோங்க’ன்னு எதிராளியைச் சொன்னா அது உறுதியானது. மாமியார் “விருந்துக்குக் குறையில்லாம பாத்துக்கோம்மா”ன்னு சொன்னா, முயற்சி பண்ணாப் போதும்னா சொல்றாங்க? பணம் கொடுக்கற பையர் சொல்றதும் அப்படித்தான். மென்மையா இருக்கறது பேச்சு மட்டும்.

வக்கீல் சாரோட எச்சரிக்கை ஒப்பந்தத்துக்கு. உங்களது தினசரி மெயில். முதல் வரிக்கு “ப்ளீஸ் மேக் ஷ்யூர் த லைனிங் இஸ் ஃப்ரீ ஆஃப் க்ளூ ஸ்டெயின்ஸ்”. மூணாவதுக்கு “வி வில் டூ அவர் பெஸ்ட் டு ரிப்ளை பிஃபோர் ஃப்ரைடே”.

---

பாலாற்றுமணல் | காலை 10.30

‘டூ அவர் பெஸ்ட்’ என்பது வணிகக் கடிதத்திற்குச் சற்று நெருக்கமாக இருக்கிறது. ‘வி ஷல் எண்டெவர்’ என்று எழுதலாமே. ப்ரொகுராரும் ஏட்டுநடை சார்ந்த சொல் என்றால், நடையும் ஒத்துப்போகும்.

---

காட்பாடி_ஸ்பானிஷ் | காலை 10.41

நடை பத்தி நீங்க சொல்றது சரி ஐயா. ப்ரொகுரார் கொஞ்சம் கஞ்சி போட்ட சட்டை மாதிரிதான். ஆனா அந்த மெயிலை லைன்ல நிக்கறவர் படிக்கணும். ‘எண்டெவர்’னு எழுதினா அதுக்கு இன்னொரு மொழிபெயர்ப்பு வேணும்.

---

தேவாலயத்_தெரு | காலை 11.15

வேலூர்ல பைபிள் வகுப்பு எடுக்கறேன். ஸ்பானிஷ் தெரிஞ்ச நண்பர் ஒருத்தர் சொல்லித்தான் இது தெரியும். இரண்டாம் தீமோத்தேயு 2:15-ல ஸ்பானிஷ் ரெய்னா-வலேரா 1960 பதிப்பு ‘ப்ரொகூரா கோன் திலிஹென்சியா’ன்னு தொடங்குது. பழைய இங்கிலீஷ் கிங் ஜேம்ஸ்ல அந்த இடம் ‘ஸ்டடி’. சின்ன வயசுல அதைப் பாடம் படிக்கச் சொல்றதாவே நினைச்சிருந்தேன். நம்ம பழைய தமிழ் வேதாகமத்துல அங்க ‘ஜாக்கிரதையாயிரு’. இரண்டாம் பேதுரு 1:10-லயும் அதே ஜோடி, ஸ்பானிஷ்ல ‘ப்ரொகுராத்’, தமிழ்ல ‘ஜாக்கிரதையாயிருங்கள்’.

முயற்சின்னு போடாம ஜாக்கிரதைன்னு போட்டவங்க அந்த அக்கறையை விடலைன்னு எனக்குப் படுது. இப்போ ஜாக்கிரதைன்னா ஆபத்துக்குப் பயப்படறதுன்னு மட்டும் ஆயிடுச்சு. அப்போ அது விழிப்பு, ஊக்கம்.

---

ஆம்பூர்_கட்டிங் | பகல் 1.20

சாப்பாட்டு நேரத்துல எழுதறேன். கூரா, க்யூர்னு படிச்சதும் தோல் ஞாபகம்தான் வந்தது. பச்சைத்தோல் அழுகாம உப்பு போட்டு வெக்கறதை நாம க்யூரிங்னுதான் சொல்றோம். வாணியம்பாடி டேனரில வேலை பாத்தப்போ தினமும் வாயில வந்த சொல். உப்பு சரியா பரவலன்னா ரெண்டே நாள்ல மயிர் கையோட வந்துடும், தோல் பாழ். அதுவும் ‘கவனிச்சுக்கறது’ங்கற அதே வேரா? ரொம்ப சந்தோஷமா இருக்கு.

எங்க வீட்ல உருது. அதுல கோஷிஷ் வேற, முஹய்யா கர்னா வேற. முயற்சிக்கு ஒண்ணு, தேடிக் கொடுக்கறதுக்கு ஒண்ணு. தமிழ் மாதிரி ஒரே சொல்லுல வராது.

சிப்காட் தம்பி, கறைக்கு ஒரு விஷயம். லைனிங்ல மஞ்சளா வர்றது பெரும்பாலும் பிரஷ்ல பசை அதிகமா எடுக்கறதால. ஓரத்துல வழிஞ்சதைக் காயறதுக்கு முன்னாடி க்ரேப் ரப்பரால தேச்சு எடுக்கணும். ஷீட்ல என்ன வார்த்தை போட்டாலும் இதையும் சேர்த்துப் போடுங்க.

---

காவேரிப்பாக்கம்_ஏரி | மாலை 4.05

எங்க ஊர்ல ப்ரொக்யூர்மென்ட்னா நேரடி நெல் கொள்முதல் நிலையம்தான். மூட்டையைக் கொண்டுபோய் இறக்கிட்டு ஈரப்பதம் பாத்து எடை போடற வரைக்கும் நாமதான் காவல் காக்கணும். அதுல முயற்சி விவசாயி பக்கம், பெறுறது அவங்க பக்கம். ஒரு சொல்லுக்குள்ள ரெண்டும் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது.

---

கோட்டைமதில் | மாலை 5.30

போர்த்துகீஸ்ல இதே சொல்லு ‘தேடு’ன்னு அர்த்தம். கோவால ரெண்டு வருஷம் இருந்தப்போ பழைய ஆளுங்க பேசிக் கேட்டது. தேடறது, முயற்சி பண்றது, கிடைக்கச் செய்யறது, மூணும் ஒரே பாதையில வரிசையா நிக்குது. ஸ்பானிஷ் கடைசி ரெண்டுல நின்னுடுச்சு போல.

---

சிப்காட்_வாசி | இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு ஃப்ளோர் மேனேஜர் கிட்ட பேசி லைன் ஷீட்டை மாத்திட்டேன். இங்கிலீஷ் வரிக்கு மேல பெரிய எழுத்துல தமிழ்ல, “லைனிங்ல பசைக் கறை படாம பாத்துக்கணும். வழிஞ்சா ஈரத்துலயே க்ரேப்பால எடுக்கணும்.” சூப்பர்வைசர் படிச்சுட்டு, “இதை முன்னாடியே இப்படி எழுதியிருக்கலாமே சார்”னார். கோபமில்லாமதான் சொன்னார். எனக்கு மனசு கஷ்டமா இருந்தது. அந்த 36 ஜோடிக்கும் ஞாயித்துக்கிழமை வந்து லைனிங் மாத்தினது அவரோட ஆளுங்க.

இன்னிக்குச் சாயந்திரம் வந்த மெயில்ல இப்படி ஒரு வரி: “எமோஸ் ப்ரொகுராதோ ஓர்மாஸ் நுவேவாஸ்.” ஓர்மான்னா லாஸ்ட், நம்ம கட்டை, ஷூவுக்கு வடிவம் கொடுக்கற கால் அச்சு. நுவேவாஸ் புதுசு. பின்னாடி பொருள் வருது, ‘கே’ இல்ல, வேற வினையும் இல்ல. அப்போ “புதுக் கட்டை வாங்கிட்டோம்”, வி ஹேவ் காட் நியூ லாஸ்ட்ஸ். சரியா மேடம்?

---

காட்பாடி_ஸ்பானிஷ் | இரவு 8.31

ரொம்பச் சரி. இந்தத் தடவை நீங்களா போய் வாங்கிடாதீங்க, கட்டை அவங்க கையில இருக்கு. எப்போ அனுப்பறாங்கன்னு மட்டும் கேளுங்க.

---

ஆம்பூர்_கட்டிங் | இரவு 9.02

கட்டை வந்ததும் முதல்ல ஒரு ஜோடிக்கு மட்டும் அப்பர் (ஷூவோட மேல்பகுதி) இழுத்துப் பாருங்க தம்பி. அளவு பழைய பேட்டர்னோட ஒத்து வரலன்னா கட்டிங்கை நிறுத்தணும்.

---

சிப்காட்_வாசி | இரவு 9.10

சரிங்க பாய். அளவு கேட்டு இப்பவே எழுதறேன்.